தானே அணையும் விளக்கு

விளக்கேற்றும் கலையை மனிதன் மிகத் தொன்மையிலேயே கற்றுக்கொண்டான். வேண்டாதபோது விளக்கை அணைத்து எண்ணெயைச் சேமிக்கும் பழக்கமும் ஏறக்குறைய அத்துணைத் தொன்மையானதே. ஆயினும், இருளையும் ஒளியையும் தானே அறிந்து, மனிதன் கை படாமலே வேண்டியபோது எரிந்து வேண்டாதபோது அணையும் விளக்கை நம்பத்தக்க வகையில் ஆக்குவதற்கு அவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விளக்கின் வரலாறு கடலிலே தொடங்கியது. இன்று அது மாணவரின் மேசைமீதுள்ள மடிக்கணினியின் விசைப்பலகைக்கு அடியில் வந்து நிற்கின்றது.

புத்தளம் மாவட்டக் கடற்கரையில், கற்பிட்டியிலோ உடப்பிலோ நுரைச்சோலையிலோ, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இரவில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். வீட்டார் உறங்கிவிட்டனர். அவர்களின் துயில் கலையாதிருக்க அறையின் பெரிய விளக்கை அவள் அணைத்துவிட்டாள். விசைப்பலகையின் எழுத்துகள் மட்டும் அடியிலிருந்து வரும் மெல்லிய வெள்ளொளியில் தெரிகின்றன. அவள் எழுதிக்கொண்டிருக்கும் வரை அவ்வொளி நிலைத்து நிற்கின்றது. கையை எடுத்துச் சற்று நேரம் வாளாவிருந்தால் அது தானாகவே மறைகின்றது. மீண்டும் ஒரு விசையைத் தொட்டவுடன் திரும்பி வருகின்றது. அவளுக்கு இது வியப்பான செய்தியன்று. ஆனால், இச்சிறு ஒளியின் மறைவுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுச் சிந்தனை அடங்கியிருக்கின்றது. அவ்வொளிக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவோ, அவள் வாழும் அதே கடற்கரைக்கே நம்மை மீட்டுக்கொண்டு வருகின்றது.

முதலில் கடலைப் பார்ப்போம். புத்தளக் கரை பண்டு தொட்டே மரக்கலங்கள் அறிந்த கரை. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, காற்றினால் ஒதுக்கப்பட்டு இலங்கையை அடைந்து, ஆரியச்சக்கரவர்த்தி மன்னனைச் சந்தித்த பத்தாலா என்னும் இடம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை ஒன்றைக் கட்டினர். களப்பின் வாயிலைக் காப்பதும் வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருப்பதும் அவர்களின் நோக்கமாக இருந்தன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள கடலிலோ பவளப் பாறைகள் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. களப்பின் வாயிலருகே மணற்றிட்டுகள் உண்டு. பகலில் நீரின் நிறத்தைக் கொண்டே ஆழத்தை அளந்தறியும் தோணிக்காரனும் இரவில் அக்கலையை இழந்துவிடுகின்றான். கடலோடிக்குக் கரையில் எரியும் ஒரு விளக்கு எத்தகைய செல்வம் என்பதை இக்கரை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையைச் சூழ்ந்த கடல்வழி உலக வணிகத்தின் பெருவழிகளுள் ஒன்றாயிற்று. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின்னர்க் கப்பற் போக்குவரத்து மேலும் பெருகியது. தென்கிழக்குக் கடலில் ஆபத்து மிகுந்த பாறைமேல் பெரிய பாசசுக் கலங்கரை விளக்கம் எழுப்பப்பட்டு 1873இல் ஒளி ஏற்றப்பட்டது. அதனை அடுத்துச் சிறிய பாசசு விளக்கம் 1878இலும், தீவின் தென்முனையான தேவேந்திரமுனையின் விளக்கம் 1890இலும் ஒளிபெற்றன. இவை ஒவ்வொன்றிலும் காவலர் இருந்தாக வேண்டும். மாலையில் விளக்கேற்றுவதும், இரவு முழுவதும் சுடரைக் கண்காணிப்பதும், காலையில் அணைத்துக் கண்ணாடிகளைத் துடைப்பதும் அவர்களின் தொழில். அலை சூழ்ந்த பாறையில் மாதக்கணக்காகத் தனித்திருக்கும் அந்த வாழ்வு எளியதன்று.

காவலரை வைத்துக் காக்கக்கூடிய விளக்குகள் சிலவே. சிறு பாறை, மணற்றிட்டு, துறைமுக வாயிலின் மிதவை ஆகிய ஒவ்வொன்றிலும் ஆளை இருத்துவது இயலாத காரியம். ஆளில்லாத விளக்கோ பகலும் இரவும் ஓயாது எரிந்து எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். எரிபொருள் தீர்ந்தால் மீண்டும் படகேறிச் சென்று நிரப்ப வேண்டும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் அவ்வாறு செல்லவும் முடியாது. ஆகவே, விளக்குக்குத் தானே அணையும் அறிவைக் கொடுப்பது செலவைக் குறைக்கும் உபாயம் மட்டுமன்று. தொலைவான பாறைகளில் விளக்கு எரிய வேண்டுமானால் அவ்வறிவு இன்றியமையாதது.

அவ்வறிவைக் கொடுத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்தாவ் டாலேன். 1869ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஸ்டென்ஸ்டோர்ப் என்னும் ஊரில் உழவர் குடும்பத்திலே பிறந்த அவர், இளமையில் தந்தையின் பண்ணையைப் பார்த்துவந்தார். பாலிலுள்ள கொழுப்பின் அளவைக் கண்டறியும் கருவி ஒன்றை அக்காலத்தில் ஆக்கி, புகழ்பெற்ற பொறியியலாளர் டி லாவாலிடம் காட்டினார். அவரோ அதனையொத்த கருவியைத் தாமும் ஆக்கியிருந்தார். எனினும், அவ்விளைஞரின் திறமையைக் கண்டு முறையாகக் கல்வி கற்குமாறு தூண்டினார். டாலேன் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் கல்லூரியிற் பயின்று பொறியியலாளரானார்.

அக்காலத்தில் அசற்றலீன் வாயு புதிய எரிபொருளாகப் பரவிவந்தது. கல்சியம் காபைட்டின்மீது நீர் படும்போது இவ்வாயு பிறக்கும். சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் முன்னர் எரிந்த காபைட் விளக்குகளைக் கண்ட முதியோர் அதன் வெண்சுடரையும் நெடியையும் இன்றும் மறந்திருக்கமாட்டார். அவ்வாயு கூரிய ஒளியைத் தரும். ஆனால், அழுத்தி அடைத்து வைத்தால் வெடிக்கும் தன்மையது. நுண்டுளைகள் நிறைந்த பொருளொன்றைச் சிலிண்டருக்குள் நிரப்பி, அதில் அசற்றோன் திரவத்தில் கரைந்த வாயுவை ஏற்றினால் அபாயமின்றிச் சேமிக்கலாம் என்பதைச் செயல்முறையில் நிறைவேற்றியவர் டாலேன். வாயுவை ஓயாது எரிக்காமல் கணப்பொழுது எரித்துக் கணப்பொழுது நிறுத்தும் மினுக்குப் பொறியையும் அவர் அமைத்தார். இதனால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வாயு மிஞ்சியது. மேலும், ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மினுக்கு முறை அமைந்ததால், மாலுமி ஒரு விளக்கை மற்றொன்றாகக் கருதி மயங்கும் நிலையும் நீங்கியது.

எஞ்சியது ஒரு குறையே. கதிரவன் உதித்த பின்னரும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. இதற்கு மாற்றாக 1907இல் டாலேன் ஆக்கியதே சூரிய வால்வு. அதன் அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. நடுவே கரிபூசிய கருநிறக் கோல் ஒன்று நிற்கும். அதனைச் சுற்றி நன்கு துலக்கிய பளபளப்பான கோல்கள் மூன்று நிற்கும். வெளிச்சம் படும்போது கருங்கோல் ஒளியை உள்வாங்கி வெம்மையுற்றுச் சிறிதே நீளும். பளபளப்பான கோல்களோ ஒளியைத் திருப்பி எறிந்துவிடுவதால் நீளா. இச்சிறு வேறுபாடு நெம்புகோல் ஒன்றைத் தள்ளி வாயுவின் வழியை அடைத்துவிடும். இருள் சூழ்ந்ததும் கருங்கோல் பழைய நீளத்துக்குச் சுருங்கும். வழி திறக்கும். எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் மிகச் சிறிய வழிச்சுடர் வந்த வாயுவைப் பற்றவைக்கும்.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. நாள் வெப்பமானதாயினும் குளிரானதாயினும் நான்கு கோல்களும் ஒருங்கே நீளும் அல்லது ஒருங்கே சுருங்கும். ஆதலால், காற்றின் வெப்பநிலை கருவியை ஏமாற்றாது. ஒளி மட்டுமே அதனை இயக்கும். வெப்பத்தால் உலோகம் விரியும் என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த உண்மை. அவ்வெளிய உண்மையைக்கொண்டு பகலையும் இரவையும் பகுத்தறியும் கருவியை அமைத்ததே டாலேனின் மேதைமை.

மற்றொரு சிறப்பும் உண்டு. நண்பகலிலே கார்முகில் திரண்டு கடல் இருண்டுவிட்டால் சூரிய வால்வு விளக்கை ஏற்றிவிடும். கடிகாரத்தைப் பார்த்து விளக்கேற்றும் பொறியோ அவ்வேளையில் வாளாவிருக்கும். கடிகாரம் அறிவது நேரத்தை. மாலுமிக்கு வேண்டியதோ வெளிச்சம். டாலேனின் கருவி மாலுமியின் தேவையையே அளவுகோலாகக் கொண்டது.

இவ்விளக்குகள் ஓராண்டு வரையும் ஆளின்றி எரியவல்லனவாயின. சுவீடனின் கரைகளிலும், 1914இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயிலும், உலகின் பல கடல்களிலும் அவை பரவின. ஆனால், அவற்றை ஆக்கியவரின் வாழ்வில் பெருந்துயர் நேர்ந்தது. 1912இல் வாயுச் சிலிண்டர்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் டாலேன் தம் பார்வையை இழந்தார். அதே ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசைப் பெறச் செல்லும் நிலையில் அவர் இருக்கவில்லை. கண்மருத்துவரான அவருடைய சகோதரர் அல்பின் அவருக்காகச் சென்று அதனைப் பெற்றார். கதிரவனைக் காணும் ஆற்றலை விளக்குகளுக்கு அளித்தவர் தாமே கதிரவனைக் காண முடியாதவரானார். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1937இல் மறையும் வரையும் தம் நிறுவனத்தை நடத்தியும் புதிய கருவிகளை ஆக்கியும் வந்தார்.

டாலேனின் கோல்கள் இயங்கியது வெப்பத்தின் வழியே. ஒளி மின்சாரத்தை நேரே தொடும் மற்றொரு வழி அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. கடலடித் தந்திக் கம்பிகளைப் பரிசோதித்துவந்த ஆங்கிலப் பொறியியலாளர் வில்லோபி சிமித், செலீனியம் என்னும் மூலகத்தின் மின்தடை வெளிச்சத்தில் குறைந்தும் இருளில் கூடியும் மாறுவதை 1873இல் வெளியிட்டார். இலங்கையின் பெரிய பாசசுக் கலங்கரை விளக்கம் ஒளி பெற்ற அதே ஆண்டு அது. அன்று பாறைமேல் தனித்திருந்த காவலரின் தொழிலைப் பின்னாளில் மாற்றப்போகும் உண்மை, அவர் முதல் விளக்கை ஏற்றிய ஆண்டிலேயே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. செலீனியத்தைத் தொடர்ந்து வேறு பொருள்களும் வந்தன. இன்று அந்தியில் எரிந்து விடியலில் அணையும் தெருவிளக்குகளும், பல நாட்டுக் கடல்களில் மீன்வலை மிதப்புகளிற் கட்டப்படும் சிறு மின்விளக்குகளும் இவ்வழியின் வழித்தோன்றல்களே.

இருளை அறிவது ஒரு வகை. மனிதன் இருக்கின்றானா என்பதை அறிவது மற்றொரு வகை. பாரிசு நகரத்தின் அடுக்குமாடிகளில் மாடிப்படி விளக்குகளுக்கு நெடுங்காலமாகவே ஒரு வழக்கம் உண்டு. ஏறுபவர் விசையை அழுத்துவார். விளக்கு எரியும். சில நிமிடங்களில் அது தானே அணைந்துவிடும். அதற்குள் அவர் தம் வாயிலை அடைந்திருப்பார் என்பது அப்பொறியின் கணக்கு. சுமையோடு மெல்ல ஏறும் முதியவரோ நடுப்படியில் இருட்டில் நிற்க நேரும். பின்னர் வந்த கருவிகள் மனித உடல் வெளிவிடும் செங்கீழ்க் கதிர்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை, உணர்ந்து ஆளின் நடமாட்டத்தை அறிந்தன. ஆள் அசையாது அமர்ந்திருந்தால் அவையும் ஏமாந்துபோகும்.

விசைப்பலகையின் சிற்றொளி இவ்விரு வகைகளும் கூடிப் பிறந்தது. 1990களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் மடிக்கணினிகளில் திரையின் மேல்விளிம்பிலே சிறு விளக்கொன்று பொருத்தப்பட்டு, அது கீழ்நோக்கி விசைகளுக்கு ஒளி தந்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 17 அங்குல மடிக்கணினியில் விசைகளுக்கு அடியிலிருந்தே ஒளி எழுந்தது. சூழலின் வெளிச்சத்தை அளக்கும் உணரியும் அதில் இருந்தது. அறை இருண்டால் விசைகள் ஒளிரும், வெளிச்சம் வந்தால் மங்கும். டாலேனின் கருங்கோல் செய்த அதே தொழில், தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின் மேசைமீது வந்து அமர்ந்தது எனலாம். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஒளிதரும் ஒளிகாலும் இருவாயிகள் இதனை எளிதாக்கின. அவற்றுள் நீலநிற ஒளி தருவதைக் கண்ட அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று பரவலாகக் காணப்படும் வெள்ளொளி பெரும்பாலும் அந்நீல ஒளியிலிருந்தே பெறப்படுகின்றது.

இதற்கிடையே, வேலையின்றி விழித்திருக்கும் கணினிகள் வீணே மின்சாரத்தை உண்ணுகின்றன என்னும் கவலையும் எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992இல் தொடங்கிய எனர்ஜி ஸ்டார் திட்டம், வாளாவிருக்கும்போது தானே உறங்கும் கணினிகளுக்குச் சான்று வழங்கியது. தொடாதிருந்தால் அணையும் வழக்கம் இவ்வாறு திரைக்கு வந்தது. விசைப்பலகையின் ஒளியிலும் அதே வழக்கம் இன்று காணப்படுகின்றது. விசையைத் தொட்டு இத்தனை நொடி அல்லது இத்தனை நிமிடம் ஆகிவிட்டதெனில் ஒளியை அணை என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை.

இச்சிற்றொளி அணைவதால் விளையும் பயன் எவ்வளவு? அதனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. அவ்வொளிக்கு ஒரு வாட் மின்சாரம் செலவாகின்றது என்று கொண்டால், ஓர் அலகு மின்சாரத்தை உண்ண அதற்கு ஆயிரம் மணி நேரம் வேண்டும். ஆகவே, இதனால் நாட்டின் மின்கட்டணம் குறைந்துவிடும் என்று எவரும் கூறார். ஆனால், மடிக்கணினியின் மின்கலம் 50 வாட்மணி கொள்வதாயின், அதே ஒரு வாட் ஒளி மணிக்கு ஐம்பதில் ஒரு பங்கை எடுத்துவிடும். மின்சாரம் இல்லாத இரவில், எஞ்சிய மின்கலத்தைக் கொண்டு பாடத்தை முடிக்க முயலும் மாணவிக்கு அந்தப் பங்கு சிறிதன்று. மின்சாரம் இல்லாத அத்தகைய இரவுகளை இலங்கையர் நன்கு அறிவர்.

இலங்கையின் மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை ஒன்றில் எடுத்துரைத்தார். அக்கனவின் பெரும்பகுதி 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது நனவாயிற்று. நெடுங்காலம் நாட்டின் விளக்குகள் பெரும்பாலும் மழைநீரினாலேயே எரிந்தன. மழை பொய்த்தால் விளக்கும் பொய்த்தது. 1996இல் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மாலை வெளிச்சத்தில் வேலைகள் முடிந்தால் விளக்கெரிப்பது குறையும் என்பது நோக்கம். காலையிலோ பிள்ளைகள் இருட்டிலே பாடசாலைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. பெற்றோர் குறைகூறினர். ஒக்டோபரில் அரை மணி நேரம் திருப்பப்பட்டது. எஞ்சிய அரை மணியும் 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் திருப்பப்பட்டு, நாடு பழைய நேரத்துக்கு மீண்டது. கடிகாரத்தை மாற்றி விளக்கை அணைக்க முயன்ற அம்முயற்சி, மாலையில் மிச்சப்படுத்திய விளக்கைக் காலையில் பிள்ளைகளின் கையில் ஏற்றிவிட்டது.

மழையை மட்டும் நம்ப முடியாதென உணர்ந்த நாடு நிலக்கரியை நாடியது. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலைக் கரையில் சீன நாட்டுக் கடனுதவியுடன் லக்விஜய அனல்மின் நிலையம் எழுந்தது. 300 மெகாவாட் கொண்ட முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் நிறைவுற்று, 900 மெகாவாட் கொண்ட நாட்டின் மிகப் பெரிய மின்நிலையமாக அது விளங்கியது. அங்கிருந்து உயரழுத்தக் கம்பிகள் வேயங்கொடையை நோக்கிச் செல்கின்றன. ஓர் அலகு மின்சாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிலக்கரி அங்கே எரிகின்றது.

அந்நிலக்கரி வரும் வழியும் அறியத்தக்கது. பெருங்கப்பல்கள் கரையணைய முடியாமையால் ஆழ்கடலில் நங்கூரமிடுகின்றன. அவற்றிலிருந்து தட்டைப் படகுகள் நிலக்கரியைக் கரைக்குக் கொணர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் அப்பணி நடவாது. ஆகவே, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியைக் கடல் அடங்கியிருக்கும் சில மாதங்களுக்குள் இறக்கிக் குவிக்க வேண்டும். அயலிலுள்ள மக்கள் நிலக்கரித் தூசையும் சாம்பலையும் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டுவந்துள்ளனர். கப்பலைத் தடுக்கும் அதே காற்றுத்தான் களப்போரத்திலுள்ள காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. மாம்புரியிலும் சேகுவந்தீவிலும் விடத்தமுனையிலும் 10 மெகாவாட் அளவிலான காற்றாலைத் தொகுதிகள் 2010 முதல் மின்சாரம் வழங்கத் தொடங்கின. நாட்டின் எந்த மூலையில் விளக்கொன்று எரிந்தாலும், அதன் ஒரு பங்குக்கான கரியும் காற்றும் இக்கரைக்கு உரியன. தூசைப் பெறுவதும் இக்கரையே.

இவ்வளவு பெரிய நிலையம் இருந்தும் இருள் நீங்கிவிடவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்மையாலும் நீர்த்தேக்கங்கள் தாழ்ந்தமையாலும், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை நடைபெற்றபோதும் மின்வெட்டு நீடித்தது. பரீட்சைக் காலத்திலாவது அதனை நிறுத்த வேண்டுமென இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. எனினும், பரீட்சைக் காலத்தின் பெரும்பகுதியிலும் மின்வெட்டு தொடர்ந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உப மின்நிலையத்தினுள் புகுந்த குரங்கு ஒன்றினால் ஏற்பட்டதாகக் கூறப்பட்ட பழுது, நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. அதன் விளைவாக நுரைச்சோலை நிலையத்தின் மூன்று பிரிவுகளும் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தாமே நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் பிடித்தன. அடுத்து வந்த சில நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது.

இவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது இருவகை இருள் உண்டென்பது புலனாகும். ஒன்று, எவருக்கும் ஒளி வேண்டாத இடத்தில் விளக்கு தானே அணைவதால் வருவது. அது எவருக்கும் தீங்கு செய்யாது. மற்றொன்று, ஒளி வேண்டிநிற்போரின் கையிலிருந்து விளக்கைப் பறிப்பதால் வருவது. முதல் வகை இருளைப் பெருக்கினால் இரண்டாம் வகை இருள் குறையும். ஆளில்லாத மண்டபத்தில் எரியும் விளக்கும், பட்டப்பகலில் எரியும் தெருவிளக்கும், பூட்டிய அலுவலகத்தில் இரவெல்லாம் ஓடும் குளிரூட்டியும் சிறுசிறு செலவுகளே. ஆயினும், பற்றாக்குறை வந்தபோது அச்சிறு செலவுகளின் கடனைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை குப்பி விளக்கின் முன் அமர்ந்து அடைக்கின்றது. 2022இன் இருளுக்கு வீண் விளக்குகள் மட்டுமே காரணமாகா. செலாவணியும் ஆட்சித் திட்டமும் மழையும் அதிற் பங்குகொண்டன. ஆனால், தட்டுப்பாடு எக்காரணத்தால் வந்தபோதிலும், வீணாவதை முதலில் அணைத்து வேண்டுவதை இறுதிவரை காப்பதே நீதி.

இயந்திரத்துக்கு இந்நீதியைக் கற்பிப்பதில் ஒரு தடையுண்டு. விசைப்பலகையின் ஒளியைக் கட்டுப்படுத்தும் பொறி விசையின் அசைவை மட்டுமே அறியும். எழுதுவதை நிறுத்தி, கணக்கொன்றின் விடையை மனத்துள் தேடும் மாணவியையும், கணினியை விட்டெழுந்து உறங்கச் சென்றவளையும் அதனால் வேறுபடுத்த முடியாது. சிந்திப்பவளும் இல்லாதவளும் அதற்கு ஒன்றே. மாடிப்படியில் நின்ற முதியவரைப் பாரிசு நகரப் பொறி அறியாதது போலவே, இதுவும் அவளை அறியாது. இதனாலன்றோ நல்ல கணினிகளில் அவ்வொளி எத்தனை நேரம் நிற்க வேண்டுமென்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்க இடம் விடப்பட்டிருக்கின்றது. மின்கலத்தில் இயங்கும்போது விரைவில் அணையுமாறும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும்போது நெடுநேரம் நிற்குமாறும் சில கணினிகளில் வகுத்துவைக்கலாம்.

தவறு நேருமாயின் அது எப்பக்கம் நேர வேண்டும் என்பதே இத்தகைய கருவிகளை ஆக்குவோர் முதலில் கேட்க வேண்டிய வினா. விசைப்பலகையின் ஒளி தவறி அணைந்தால் ஒரு விரலசைவில் திரும்பும். கலங்கரை விளக்கம் தவறி அணைந்தால் கப்பல் பாறையில் மோதும். அதனாலேயே டாலேன் தம் கருவியை ஐயமற்ற வெளிச்சம் கண்டால் மட்டுமே அணையுமாறும், சற்று இருண்டாலும் எரியுமாறும் அமைத்தார். அங்கே சிக்கனம் உயிருக்கு அடுத்தபடியிலேயே நின்றது. ஒரு நாட்டின் மின்வழங்கலை நடத்துவோரும் இவ்வொழுங்கையே பின்பற்றத்தக்கவர். எங்கே அணைப்பது, எவர் விளக்கை இறுதிவரை காப்பது என்னும் முறை, இருள் வருமுன்னரே தெளிவாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கற்பிட்டிக் கரையில் இரவு முதிர்கின்றது. மாணவி கடைசி விடையையும் எழுதி முடித்துக் கையை எடுக்கின்றாள். சில நொடிகளில் விசைகளின் ஒளி மறைகின்றது. அவள் அதனை அணைக்கவில்லை, எவரும் அவளிடமிருந்து பறிக்கவும் இல்லை. வேலை முடிந்தது, விளக்கும் ஓய்ந்தது. நாட்டின் ஒவ்வொரு விளக்கும் இவ்வாறே, தன் வேலை முடிந்த பின்னரே, அணையுமாயின், நுரைச்சோலைக் கரையில் எரியும் கரிக்கும் அதன் தூசைச் சுமக்கும் மக்களுக்கும் செய்யத்தக்க நன்றிகளுள் அதுவும் ஒன்றாகும்.